விற்பதற்கு முன் வீட்டைச் செப்பனிடுதல்: கடலூர், புதுச்சேரி வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் குடும்ப வீட்டை விற்றபோது பட்ட பாட்டையும், அதன்பிறகு உறவினர், அக்கம்பக்கத்தார் என்று ஏழெட்டு வீடுகளின் விற்பனைக்குக் கூடவே அலைந்ததில் கண்டதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். நான் பொறியாளர் அல்லன். சுவரை இடிப்பது, அறை சேர்ப்பது போன்ற பெரிய வேலைகள் இதில் வரவில்லை. கையடக்கமான செலவில் வீட்டின் தோற்றத்தைச் சீராக்கும் வேலைகள் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

விற்கப்போகும் வீட்டுக்குச் செலவு செய்வது வீண் அல்லவா? வாங்குகிறவர் தமக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ள மாட்டாரா?

மாற்றிக்கொள்வார், ஆனால் உடனே மாற்றிக்கொள்ள அவர் கையில் பணம் இருக்காது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்ட வேண்டும் (புதுச்சேரியின் கணக்கு தனி). வீட்டுக் கடன் 30 லட்சம் வரையில் இருந்தால் மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரையில் 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதே ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. பத்திரச் செலவை வங்கிகள் பொதுவாக வீட்டு மதிப்பில் சேர்ப்பதில்லை. ஐம்பது லட்சத்துக்கு வீடு வாங்கும் ஒருவர் நாற்பது லட்சம் கடன் பெற்றாலும், மீதிப் பத்து லட்சத்தோடு பத்திரத்துக்கு நாலரை லட்சத்தையும் தம் சேமிப்பிலிருந்து, பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகையிலிருந்து, எடுத்து வைக்கிறார். அந்த நிலையில் உள்ளவருக்குக் கூடத்துச் சுவரில் பெயிண்ட் உரிந்து தொங்குவது அழகுக் குறைவாகத் தோன்றாது; குடிபுகுந்த மறுமாதமே வரப்போகும் இன்னொரு செலவாகத்தான் தோன்றும். அந்தச் செலவை அவர் கொத்தனாரைக் கேட்டுக் கணக்கிடுவதில்லை, மனத்துக்குள் இரண்டு மூன்று மடங்காக உயர்த்தி விலையில் கழிக்கச் சொல்கிறார்.

அதே சமயம், வங்கியின் மதிப்பீட்டாளர் நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் வயதையும் பரப்பையும் பார்த்து எழுதுகிறாரே தவிர, புதிய பெயிண்டுக்காகத் தொகையை உயர்த்துவதில்லை. ஆகவே செய்கிற செலவு விலையை ஏற்றுவதற்காக அன்று, விலை குறையாமல் காப்பதற்காகத்தான் என்று தெளிந்துகொண்டால் கை தானாகவே அடங்கும்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்? பெயிண்ட் அடிப்பதா?

இல்லை, தண்ணீரைத் தேடுவது. எங்கள் வீட்டைப் பார்க்க முதன்முதலாக வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். மற்றவர்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்கட்டு அறைக்குப் போய், கட்டில் மறைத்திருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கட்டை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். மூன்று வாரங்களுக்கு முன்பு நாங்கள் அடித்திருந்த இளமஞ்சள் பெயிண்ட் பப்படம் போல நொறுங்கி, அடியிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் மறுபடியும் வரவில்லை.

அந்த வெள்ளை மாவைத்தான் சுவர் உப்பு பூத்திருக்கிறது என்று சொல்கிறோம். செங்கல்லிலும் மணலிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு ஈரத்தோடு சுவருக்குள் ஏறி, ஈரம் வெளியே ஆவியாகும்போது மேற்பரப்பில் படிந்துவிடுகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சீராக ஓதம் இருந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறுகிற ஈரம். மேல் மூலையில் வட்டமாகக் கறை இருந்தால் மாடித் தளத்தின் கசிவு. குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவரில் மட்டும் இருந்தால் பைப்பிலோ டைல்ஸ் இடுக்கிலோ கோளாறு. ஐயமாக இருந்தால் ஓர் அடி சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் இடைவெளியின்றி டேப் ஒட்டி ஒருநாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காரணம் தெரிந்த பிறகு அதைச் சரிசெய்து, சுவரைக் காயவிட்டு, உப்பைக் காய்ந்த நிலையிலேயே கம்பிப் பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பூச்சு புதிதாகப் பூசிய இடமாக இருந்தால் நான்கு வாரமாவது பொறுத்துத்தான் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெயிண்டர் ஐந்தாம் நாளே பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்த்தார், நாங்களும் அவசரத்தில் தலையாட்டினோம்.

ஓதத்தை அப்படியே பெயிண்ட் அடித்து மறைத்து விற்றுவிட்டால் என்ன?

அறம் ஒருபுறம் இருக்க, சட்டமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கறை வாங்குபவரின் கவனத்துக்கு உட்பட்டது; அதன்மேல் பட்டி தடவிக் காணாமல் ஆக்கிவிட்டால், அது விற்பவருக்கு மட்டுமே தெரிந்த குறையாகிவிடுகிறது. கரையான் அரித்த நிலைக்கதவுக்கும் இதுவே பொருந்தும்.

‘2015இல் தண்ணீர் வந்ததா?’ என்று கேட்கிறார்கள். சுவரில் வெள்ளக் கோடு இன்னும் தெரிகிறது. என்ன செய்வது?

கோட்டைத் தாராளமாக அழிக்கலாம், வந்த தண்ணீரை மட்டும் மறுக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த பெருக்கும் இப்பகுதியில் வீடு தேடும் எல்லோருக்கும் நினைவில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்பதை மூலைக் கடைக்காரரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ‘முழங்கால் அளவு வந்தது, இரண்டு நாளில் வடிந்தது, அதன்பிறகு வாசலை ஓர் அடி உயர்த்தினோம்’ என்று நீங்களே முந்திச் சொன்னால், மற்றவற்றைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அவர் நம்புவார். சேற்றுக் கறையைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டுக் கறைதடுப்புப் பிரைமர் ஒரு கை (அதாவது ஒரு பூச்சு) அடிக்காவிட்டால், புதிய பெயிண்டின் மீதும் கோடு பழுப்பாக ஊறித் தெரியும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது?

ஆடியில். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்கப் பேச்சுத் தொடங்குபவர்கள் மிகக் குறைவு. ஆவணி பிறந்ததும், பிறகு தை பிறந்ததும் தான் வருகிறார்கள். விற்பவர்கள் பலர் தையில் விற்கலாம் என்று எண்ணி மார்கழியில் பெயிண்டரைத் தேடுகிறார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும், சுவர் மூன்று மாத ஈரத்தைக் குடித்திருக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளால் ஆளும் கிடைக்காது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவு வரையிலான ஆடியிலோ சுவர் கோடையில் நன்றாகக் காய்ந்திருக்கும், பெயிண்டர்களும் சற்று ஓய்வாக இருப்பார்கள், ஆவணிக்குள் வீடு தயாராகிவிடும். சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆடி ஆகாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மாதத்தில் மாலை நேரத்தில் இடிமழை வருவதுண்டு. வெளிச்சுவர் வேலையை மாலை மழைக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் படும் சுவரில் பெயிண்ட் மிக விரைவில் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால், காலையில் மேற்குச் சுவர், வெயில் திரும்பிய பிறகு கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போவது வழக்கம்.

வீடு முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டுமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

முழுவதும் தேவையில்லை. முன்பக்கச் சுவர், கூடம், சமையலறை ஆகிய மூன்றும் கட்டாயம்; படுக்கையறைகள் சுமாராக இருந்தால் கழுவித் துடைத்து, ஆணித் துளைகளைப் பட்டியால் அடைத்து, அந்தச் சுவருக்கு மட்டும் மூலையிலிருந்து மூலை வரை அடித்தால் போதும். சுவரின் நடுவில் திட்டாகத் தொட்டு வைப்பது வெயில் படும்போது காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்க மதில் சுவருக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அறையின் தரைப்பரப்பை மூன்றால் பெருக்கினால் சுவரும் மேல்தளமும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். 300 சதுர அடிக் கூடத்துக்கு 900 சதுர அடி. நல்ல எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) ஒரு லிட்டர், இரண்டு கை அடிக்க, 120 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால் ஏழரை லிட்டர். நான்கு லிட்டர் டப்பா இரண்டு போதும். பெயிண்டர் இருபது லிட்டர் வாளி எழுதிக் கொடுத்தால் அது வேறு எந்த வீட்டுக்கு என்று கேட்கலாம். கூலி மட்டும் பேசிப் பொருளை நாமே வாங்குவது மலிவு. டப்பாவை நம் கண் முன்னே திறக்கச் சொல்லி, அதில் அச்சிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் கைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பட்டி பார்த்த சுவருக்குப் பிரைமர் அடிக்காமல் நேராக எமல்ஷன் அடித்தால், இழுத்துக்கொண்டு போய் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும்.

எந்த நிறம்?

உள்ளே வெள்ளையை ஒட்டிய நிறம், மேல்தளம் சுத்த வெள்ளை. உங்கள் மகளுக்குப் பிடித்த ஊதா அறையைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

உப்புக் காற்றில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பிகளும் துருவேறிவிட்டன. புதிதாக மாற்றலாமா?

தேவனாம்பட்டினம் பக்கமாக இருந்தால் புதிதாகப் போட்டதும் இரண்டு ஆண்டில் இதே நிலைக்கு வரத்தான் போகிறது, ஆகையால் மாற்றுவதில் பயன் இல்லை. கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் உதிரும் துருவை நீக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்புப் படிவைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கையும் எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) இரண்டு கையும் அடித்தால் போதும். துடைக்காமல் அடித்தால் பெயிண்டுக்கு அடியில் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை மீண்டும் எழுப்பும். கேட்டின் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். கிறீச்சென்று அழும் கேட்டோடு தொடங்கும் வீட்டில் பார்க்கிறவரின் காது மற்ற குறைகளையும் தேடத் தொடங்கிவிடுகிறது.

மரக்கதவுகள் மழைக்காலத்தில் ஊதி இறுகுகின்றன. என்ன செய்யலாம்?

ஆசாரியை அழைத்து, உரசுகிற விளிம்பை மட்டும் இழைக்கச் சொல்லி, இழைத்த விளிம்புக்கும் வார்னிஷோ பெயிண்டோ அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்டால் பூச்சில்லாத மரம் அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக ஊதும். பழைய எனாமல் பூசிய கதவைத் தேய்க்கும்போது எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

குளியலறையிலும் சமையலறையிலும் குறைந்த செலவில் என்ன செய்ய முடியும்?

வீட்டிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் இடங்கள் இவைதாம், ஏனெனில் இங்கே பெரும்பாலும் தேவைப்படுவது புதுப் பொருள் அன்று, உழைப்பு. போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால் குழாய்களிலும் டைல்ஸிலும் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தால் அது நெகிழ்ந்து வந்துவிடும். கடையில் விற்கும் ஆசிடை ஊற்றிக் கழுவுவது வேகமான வழிதான், ஆனால் அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டைத் தின்று, கசிவுக்குப் புதிய வாசல் திறந்துவிடும். குழாயின் பளபளப்பையும் போக்கும். ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், அந்தக் கலவையிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூடிய குளியலறைக்குள் உயிருக்கே ஆபத்து.

கறுத்துப்போன இடுக்குகளைச் சுரண்டி எடுத்து டைல்ஸ் கிரவுட் புதிதாக நிரப்பினால், பத்து ஆண்டுப் பழைய டைல்ஸும் இரண்டு ஆண்டுப் பழையது போலத் தெரியும். ஒரே நாள் வேலை இது, என் கணக்கில் வீட்டு விற்பனைக்கு முன் செய்யக்கூடிய வேலைகளிலேயே செலவுக்குத் தகுந்த பலன் தருவது இதுதான். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், வெடித்த கழிப்பறை இருக்கை மூடியைப் புதிதாக வாங்குங்கள். சமையலறையில் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பாருங்கள். வீடு பார்க்க வரும் பெண்கள் எல்லோரும் அதைத் திறப்பார்கள். அங்கே பழைய துணியும் காலி எண்ணெய் டின்னும் கரப்பானும் இருந்தால், மேலே உள்ள கிரானைட் எவ்வளவு மின்னினாலும் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கிறோம், வீடு பூட்டிக் கிடக்கிறது. திறந்தாலே சாக்கடை வாடை வருகிறதே?

செப்டிக் டேங்க் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். குளியலறைத் தரையில் உள்ள நானி டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நின்று, குழாய் வழியே வரும் வாடையைத் தடுக்கும். பூட்டிய வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிவிடுவதால் வாடை உள்ளே வருகிறது. சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களை ஒருமணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஊதுவத்தி கொளுத்தி மறைக்க முயன்றால் இரண்டு வாடையும் சேர்ந்துதான் வரும்.

மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசி மறைக்கலாமா?

கூடாது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்ததால்தான் கான்கிரீட் பெயர்ந்திருக்கிறது, மேலே சிமெண்ட் அப்பினால் சில மாதங்களில் மொத்தமாகத் தலையில் விழும். இது அலங்கார வேலை அன்று. பொறியாளரைக் கூப்பிட்டுச் செலவைக் கணித்து, ஒன்று நீங்கள் செய்து முடியுங்கள், அல்லது அந்தக் கணக்கைக் காட்டி விலையில் கழித்துக் கொடுங்கள்.

மொட்டை மாடிக்கு என்ன செய்வது?

பெருக்குங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள், கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுங்கள், தட்டோட்டு இணைப்புகளில் விரிசல் இருந்தால் அடையுங்கள். வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு சித்திரை, வைகாசியில் வீடு காட்டுபவர்களுக்கு உதவும், ஏனெனில் மாடி அறைக்குள் நுழைந்ததும் அனல் அடிக்காது.

புதுச்சேரியில் தமிழர் பகுதியில் பழைய வீடு. அதற்கும் இதே முறைதானா?

அன்று. திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அவை ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புள்ளவை. அவற்றின் மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் போட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் காரையை உதிர்க்கும். சுண்ணாம்பு வெள்ளையே மலிவு, அதுவே சரியும்கூட. மரத்தூண்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தயவுசெய்து பளபளக்கும் பழுப்பு எனாமலை அடிக்காதீர்கள். அத்தகைய வீட்டைத் தேடி வருபவர் அதன் பழமைக்காகவே வருகிறார்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங்?

வேண்டாம். போட்ட பணம் திரும்பாது.

விளக்குகளை மாற்றலாமா?

மங்கலான குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போடுவதும், மஞ்சளடித்த சுவிட்ச் தகடுகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுவதும் சிறு செலவுகள். அதைவிட முக்கியம், ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்துவது. அதற்குச் செலவே இல்லை.

இந்தச் செலவுகளை வருமான வரிக் கணக்கில் காட்ட முடியுமா?

வீட்டுக்கு நிலையான மதிப்பைச் சேர்க்கும் வேலைகளை மட்டுமே மூலதன ஆதாயத்தில் (வீட்டை விற்றதில் வரும் லாபத்தில்) மேம்பாட்டுச் செலவாகக் கழிக்க முடியும். வெள்ளையடிப்பதும் பழுது பார்ப்பதும் பொதுவாக அதில் வராது. முன்பு அறை கட்டியதற்கோ தளம் போட்டதற்கோ ரசீதுகள் இருந்தால் அவற்றைத் தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.

வீடு பார்க்க வரும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

காலை ஒன்பது மணியளவில் வரச் சொல்லுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். அன்று மீன் குழம்பு மட்டும் வேண்டாம். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வையுங்கள், எல்லாக் குழாய்களையும் அவர்கள் திறந்து பார்க்கத்தான் போகிறார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பின்னாலேயே நடந்து பேசிக்கொண்டிருக்காமல், பத்து நிமிடம் அவர்களைத் தனியே விட்டுவிடுங்கள். சுவரைத் தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மீந்துபோன பெயிண்டை என்ன செய்வது?

மூடியை இறுக அடைத்து, டப்பாவின் மேல் எந்த அறை, எந்த நிற எண், எந்த மாதம் அடித்தது என்று எழுதிப் பரணில் வைத்துவிடுங்கள். சாவியைக் கொடுக்கும் நாளில் அதையும் காட்டிக் கொடுங்கள். புதிதாகக் குடிவருபவர் பீரோவை உள்ளே ஏற்றும்போது கூடத்துச் சுவரில் எப்படியும் ஒரு கீறல் விழும்.